மூடி திறக்காத போத்தல்

ஏப்ரல் 9, பரந்தன்
தெற்குக் கடற்கரைக்குப் போகிறோமாம். கூடாரம் அடித்துப் படுக்கப் போகிறோமாம். லண்டனிலிருந்து வந்திருக்கும் நிரோஜனின் யோசனை. அவனுடைய சிநேகிதன், என்ரை மனுசன் கோகுலன், உடனே தலையாட்டிவிட்டார். ஹோட்டல் வேண்டாமா என்று கேட்டேன். “இயற்கையோட இருக்கோணும் தங்கச்சி” என்றான் நிரோஜன்.

மாமியும் வருகிறார். கோகுலனின் அம்மா. ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே பழுது, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். பெரிய போத்தல் நிறையக் கொதித்தாறிய தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 11, வெல்லவாய தாண்டி
வான் வண்டியை ஓட்டுவது கோகுலன். ஆம்பிளையளுக்கு என்ன? வானை ஓரங்கட்டுவது, பற்றைக்குப் பின்னால் போவது, சிரித்துக்கொண்டு வருவது. நாங்கள் கேட்டால், “கொஞ்சம் அடக்குங்கோவன், அடுத்த டவுண் வந்திடும்.” டவுண் வந்தது, போனது. கடைசியில் நிப்பாட்டிய கடையின் கக்கூஸ் — எழுதவே குமட்டுகிறது. செருப்பை அங்கேயே கழற்றி எறிந்திருக்க வேண்டும்.

மாமியின் போத்தலைப் பார்த்தேன். மூடியே திறக்கவில்லை.

“ஏன் மாமி?”

“குடிச்சா இறங்கோணும் பிள்ளை. அவன் நிப்பாட்டமாட்டான்.”

முன்னால் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. நானும் காலையிலிருந்து ஒரு மிடறுதான்.

ஏப்ரல் 12, தங்காலை
கடல் வடிவுதான். ஆனால் இதே வெயிலும் மணலும் முல்லைத்தீவில் இல்லையா? கூடாரத்துக்குள் ஈரத் துவாய், மீன் வாடை, சாராய நெடி. இயற்கையோடு இருப்பவர்கள் தின்ற தட்டைக்கூடக் கழுவவில்லை. தென்னைமரத்தடியெல்லாம் நாறுகிறது. எங்களுக்கென்றால் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும்.

சீ.

ஏப்ரல் 13
மாமிக்குக் குளிர், காய்ச்சல். இடுப்பு நாரியைப் பிடித்துக்கொண்டு எழும்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. எங்களில் சிங்களம் பேசத் தெரிந்தவர் கோகுலன் மட்டும்.

ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று டொக்டர் கேட்டார். கோகுலன் அதைத் தாயிடம் கேட்டார். மாமி மகனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “நீ வானை நிப்பாட்டமாட்டாய் எண்டுதான் தம்பி.”

கோகுலன் டொக்டரிடம் திரும்பி, அம்மாவுக்கு மறதி, குடிக்க மறந்துவிட்டார் என்றார். எனக்குச் சிங்களம் பேச வராது. ஆனால் கேட்டால் அவ்வளவு விளங்கும்.

டொக்டர் சிரித்துக்கொண்டே, இனி மறக்கக்கூடாது என்பதுபோல மாமிக்கு விரலை ஆட்டிக் காட்டினார். மாமி ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார்.

அருவருப்பு. அந்தக் கக்கூஸில்கூட இப்படி வரவில்லை. பெத்த தாய் கட்டில்ல கிடக்க, எப்பிடி வாய் வந்தது? இந்த ஆளோடதானே இவ்வளவு காலமும் ஒரே வீட்டில—

ஏப்ரல் 17, வீடு
மாமிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நிரோஜன் ஃபேஸ்புக்கில் படம் போட்டிருக்கிறான், கூடாரமும் கடலும்.

ஏப்ரல் 18
சொல்லிவிட்டேன். கோகுலன் பக்கத்தில் இருக்கும்போதே, டொக்டரிடம் அவர் என்ன சொன்னார் என்று மாமிக்குச் சொன்னேன். அவர் எழும்பி முற்றத்துக்குப் போனார். மாமி கன நேரம் போத்தலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 1
வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். எல்லோரும் வானில் ஏறிவிட்டோம், மாமி மட்டும் கீழே நின்றார்.

“ஏறுங்கோ அம்மா, நேரமாகுது.”

மாமி போத்தலைத் திறந்தார். மகனைப் பார்த்தபடி, அவசரப்படாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். வெறும் போத்தலை கோகுலனின் கையில் கொடுத்துவிட்டு முன் சீற்றில் ஏறிக்கொண்டார்.

வழியில் உடையார்கட்டு ஊரில், தெரிந்தவர்கள் வீட்டுக்கு முன்னால், “நிப்பாட்டு” என்றார்.

வான் நின்றது.