பின்னுக்கு இடமிருக்கு

ஜூன் 3, செவ்வாய்
விடியும்போதே தூறல். பஸ்ஸில் வைப்பர் வேலை செய்யவில்லை. பண்டார ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் துணி. ரத்தோட்டை வரை அப்படியே.

கெட்ட செய்தி இரண்டு.

1. ரிஸ்வான் கத்தாருக்குப் போய்விட்டான். அவனுக்கு வேலை கிடைத்தது நல்லதுதான். ஆனால் எங்கள் கூடைப்பந்து அணியில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் கொண்டுபோகத் தெரிந்த ஒரே ஆள் அவன்.

2. பேங்க்குக்கு மாற்றலாகி வந்திருக்கும் சுரேன். ஆறடி நாலு அங்குலம், வயது இருபத்தைந்து. நான் ஆறடி ஒன்று, வயது முப்பத்துநாலு, முழங்காலுக்கு வயது இன்னும் கூட. நேற்று என் இடத்தில் அவனை நிறுத்திப் பார்த்தார்கள். நன்றாக விளையாடுகிறான், பாவி.

பன்னிரண்டு வருடம் கூடைக்குக் கீழே நின்று, வந்த பந்தை வாங்கிப் போட்டவன் நான். பந்து எப்படி வருகிறது என்று யோசித்ததே இல்லை. "சோறு எப்படி வருதுன்னும் நீங்க யோசிச்சதில்ல" என்றாள் செல்வி. (என் மனைவி. முன்பள்ளி டீச்சர். வாயில் எப்போதும் பிரம்பு.)

பண்டார பகலில் டிரைவர், நான் கண்டக்டர். மாலையில் அவர் பயிற்சியாளர், நான் ஆட்டக்காரன். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் இரண்டு இடத்திலும் ஸ்டியரிங் அவரிடம். இன்று தேநீர்க் கடையில் அவருடைய சிங்களம் மணக்கும் கரடுமுரடுத் தமிழில் சொன்னார்: "மகேன், ஒனக்கு ரெண்டு வேல இருக்கு மச்சான். ஒன்னு ரிஸ்வான் வேல. மத்தது தண்ணிப் போத்தல் தூக்குற வேல. எது வேணும்?"

ஞாயிறு 15ஆம் தேதி வில்கமுவ அணியோடு ஆட்டம். அதுவரை தவணை.

ரிஸ்வான் தன் 4ஆம் இலக்கச் சட்டையைத் துவைத்து பண்டாரவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதை ஒரு பையில் போட்டு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். பிரேக் போடும்போதெல்லாம் ஆடுகிறது. நாள் முழுக்க என் கண் முன்னால்.

ஜூன் 4, புதன்
மழை. ஆகவே வீட்டுக்குள் இடது கைப் பயிற்சி. சேதம்:
– சட்டி மூடி ஒன்று
– கறிவேப்பிலைக் கன்று
– செல்வியின் கால் பெருவிரல்

"எங்க கிளாஸ்ல நாலு வயசுப் புள்ளைங்க இத விட நல்லா தட்டுதுங்க." அவள் மிகைப்படுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

ரிஸ்வானிடமிருந்து குரல் செய்தி. பின்னால் ஏதோ கட்டட வேலைச் சத்தம். "அண்ணே, பந்தப் பாக்க வாணாம். பந்து எங்கயும் ஓடாது. நீங்க ஆளப் பாருங்க." இந்த வீட்டில் பந்து ஓடாத இடமே இல்லை, தம்பி. இப்போதும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி
வெயில். டவுன் கூடைப்பந்துக் கோர்ட் காய்ந்திருந்தது. முதல் பயிற்சி.

மானம் போனது. எழுத விருப்பமில்லை. எழுதுகிறேன்.

பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோடு வரை ஒழுங்காகத்தான் வந்தேன். எதிரில் நின்றவன் தடுக்கக் கையைத் தூக்கினான். நான் நின்றுவிட்டேன். பந்தைப் பறித்துக்கொண்டு போனான். மறுபடி வந்தேன். மறுபடி ஒருவன் கை தூக்கினான். மறுபடி நின்றேன். ஐந்து முறை. ஐந்தாவது முறைதான் எனக்கே விளங்கியது. ரோட்டில் யாராவது கை காட்டினால் பஸ்ஸை நிறுத்துவது பதினொரு வருடப் பழக்கம். கால் என்னிடம் கேட்கவில்லை.

பண்டார தலையில் கைவைத்தார். "மச்சான், அவன் ஏறுறதுக்குக் கை காட்டல்ல. பறிக்கிறதுக்கு!"

எல்லோரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். சுரேன் மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு
எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆட்டம். கை தூக்கினால் நிற்கவில்லை (ஒருமுறை மட்டும் நின்றேன்). புது வியாதி: பந்து கையில் வந்தால் விட மனமில்லை. நானே கொண்டுபோய் நானே எறிகிறேன். ஒன்பது எறிந்து ஒன்று விழுந்தது.

பண்டார திட்டவே இல்லை. அவர் திட்டினால் பரவாயில்லை. திட்டாவிட்டால் பையில் தொங்கும் சட்டை ஞாபகம் வருகிறது.

செல்வியிடம் சொன்னேன். "டீவி ரிமோட்டையே குடுக்க மாட்டீங்க. பந்தையா குடுக்கப் போறீங்க?"

பயமாக இருக்கிறது. இந்த அணி இல்லாவிட்டால் எனக்கு மாலை என்று ஒன்று கிடையாது. பஸ், வீடு, பஸ். எழுதினால் பயம் குறையும் என்று எழுதினேன். குறையவில்லை.

ஜூன் 10, செவ்வாய்
பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமிப் பண்டிகை. ரத்தோட்டை ஓட்டத்தை விட்டு அலுவிகாரைக்கு விசேஷ ஓட்டம். வெள்ளை உடுப்பில் சனம், சனம், சனம். கால் வைக்க இடமில்லை. காலையிலிருந்து தொண்டை கிழிய அதே பாட்டு, சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை: "பஸ்ஸட யன்ன, பஸ்ஸே இட தியெனவா! பின்னுக்குப் போங்க, பின்னுக்கு இடமிருக்கு!" பின்னுக்கு இடம் இல்லை. சொன்னால் எப்படியோ வரும்.

நிற்பவர்களின் சாமானை வாங்கி உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் வைப்பதும் என் வேலைதான். இன்று வைத்தவை: பூத்தட்டு ஆறு, குடை (எண்ணவில்லை), சமபோஷ சத்துமாவுப் பெட்டி ஒன்று, கைக்குழந்தை ஒன்று. குழந்தையை ஒரு முஸ்லிம் பெரியவர் வாங்கிக்கொண்டார். அந்தக் குழந்தையின் தாய் அடுத்த பஸ்ஸில் ஏறியிருந்தார். அலுவிகாரையில் ஒப்படைத்தோம். பெரியவருக்குத் திருப்பிக் கொடுக்க மனமில்லை.

தன்சலில், இலவசமாகக் கொடுக்கும் பந்தலில், பெலிமல் பூத் தண்ணீர் குடித்தோம். பண்டார கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கண்ணாடில பாத்துக்கிட்டே வந்தேன். ஆறு பூத்தட்டு குடுத்த. கையப் பாக்கல்ல. ஒரு பூ விழல்ல. எந்த மடி காலின்னு ஒனக்குத் தெரியுது. ஒரு பந்தக் குடுக்க மட்டும் ஏன்டா ஒனக்கு நோகுது?"

இரண்டாவது கோப்பை வாங்கப் போய்விட்டேன்.

ஜூன் 12, வியாழன்
வேர்வை. ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் முகில், இங்கே புழுக்கம்.

மடி பார்த்து விளையாடினேன். யார் கை காலி, யார் கை காலி, அவ்வளவுதான். பந்து போகிறது! கொடுத்தால் போகிறது! பன்னிரண்டு வருடமாக இது யாரும் எனக்குச் சொல்லாத இரகசியம் மாதிரி இருந்தது. (சொல்லியிருப்பார்கள்.)

பயிற்சி முடிந்து பண்டார கேட்டார்: "எல்லாருக்கும் குடுத்த. சுரேனுக்கு மட்டும் டிக்கட் இல்லையா?"

பிறகு சுரேனே வந்தான். சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டு, "அண்ணே, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?" என்றான்.

அவன் செய்த தப்பு ஆறடி நாலு அங்குலம். அதைச் சொல்ல முடியுமா? "இல்ல தம்பி, வெயில் கண்ணுல பட்டுச்சு" என்றேன். கோர்ட்டில் அப்போது வெயிலே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு
மாலை. குளித்துவிட்டு எழுதுகிறேன். செல்வி முழங்காலுக்குச் சித்தாலேப களிம்பு தடவினாள்.

வில்கமுவக்காரர்கள் விடியற்காலையிலேயே கிளம்பி, டிராக்டரில் பாதி வழி, பஸ்ஸில் மீதி வழி வந்திருந்தார்கள். வயல் வேலை செய்த கால்கள். வரும்போதே களைத்திருப்பார்கள் என்று நினைத்தோம். களைத்தது நாங்கள்தான்.

நான் போட்ட புள்ளி: நாலு. கொடுத்த பந்து: செல்வி எண்ணினாளாம், பதினாலு. பறிகொடுத்தது: அதையும் எண்ணினாளாம், நான் கேட்கவில்லை.

கடைசிக் கட்டம். ஒரு புள்ளி பின்னால். பந்து என்னிடம். எதிரில் மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டி, பொசன் பஸ்ஸின் வாசல் மாதிரி. ஒருவன் கையைத் தூக்கினான். கால் நிற்கப் பார்த்தது. நிற்காதே என்று காலுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"பஸ்ஸட யன்ன! பஸ்ஸே இட தியெனவா!"

சத்தியமாக வேண்டுமென்று சொல்லவில்லை.

மூன்று பேரும் பின்னுக்குப் போனார்கள். ஒருவன் தோளைச் சரித்து வழிகூட விட்டான். அவர்கள் ஊருக்கு பஸ் எப்போதாவதுதான். வருகிற ஒன்றில் ஊரே ஏற வேண்டும். ஆகவே அந்தச் சொல்லுக்கு நகராமல் வளர்ந்தவர் அங்கே எவரும் இருக்க முடியாது.

முன்னால் வெட்டவெளி. கூடை என்னைப் பார்த்தது. நானே போடலாம். பன்னிரண்டு வருடமும் "போடு போடு" என்றது. இடப்பக்கம் சுரேன். இரண்டு கையும் காலி.

பார்க்காமல் கொடுத்தேன். போட்டான். விசில்.

வில்கமுவ அணித் தலைவர் நடுவரிடம் ஓடினார்.
"சேர், அவரு எங்கள ஏமாத்திட்டாரு!"
"என்ன சொன்னாரு?"
"பின்னுக்குப் போகச் சொன்னாரு."
"நீங்க ஏன் போனீங்க?"
தலைவர் யோசித்தார். திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு அவரே முதலில் சிரித்துவிட்டார். போகும்போது என்னிடம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போனார்.

எல்லோரும் சுரேனைத் தூக்கிக் கொண்டாடினார்கள். நான் ஓரத்தில் நின்றேன். வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் வலித்தது. கொஞ்சம்தான். பண்டார என் பக்கம் வரவே இல்லை. தண்ணீர்ப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி நாளை யார் கைக்கு என்று யாருக்குத் தெரியும்?

ஜூன் 16, திங்கள்
மழை. வைப்பர் இன்னும் அப்படியே. பஸ் நிறைந்து வழிந்தது. நான் பின் மிதிபலகையில், பாதி உடம்பு வெளியே. சட்டை யாருக்கு என்று பண்டாரவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

சுரேன் டையோடு ஏறினான், கூரை இடித்தது. "பின்னுக்குப் போங்க தம்பி" என்றேன். போனான்.

பாலம் தாண்டியதும் முன்னால் ஏதோ சலசலப்பு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்த பையைக் காணவில்லை. பார்த்தால், பை மடி மடியாக, கை கையாகப் பின்னுக்கு வந்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை, கருவாட்டுக் கூடைக்கார அக்கா, ஒரு சாது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பை வந்தால் அடுத்த கைக்குக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். கடைசியில் சுரேன் எல்லோர் தலைக்கும் மேலாக நீட்டினான். "அண்ணே, பிடிங்க. ஒங்களுக்காம்."

4ஆம் இலக்கச் சட்டை. கருவாட்டு வாசனை.

கண்ணாடியில் பண்டார ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். ரிஸ்வான் ஐந்தடி ஆறு. எனக்குத் தொப்புள் தெரிகிறது. செல்வி சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். துவைக்கக் கழற்றித் தரச் சொல்கிறாள். கழற்றவில்லை.