அத்தைக்குப் பொரித்த குளத்து மீன்

ஜூன் 4, செவ்வாய்
ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறார். அம்மா வேலை மாற்றலாகி வெளியூர் போனதிலிருந்து வீட்டில் நானும் அப்பாவும்தான். “ரெண்டு பேரும் என்னத்தத் தின்னு உயிரோட இருக்கீங்கன்னு பாக்கறேன். சரியில்லன்னா பாப்பா என்னோட வந்துடட்டும்” என்று அப்பாவிடம் போனில் சொன்னாராம். அத்தை தனியாக இருப்பவர். வீடு வெகுதூரம். பள்ளிக்கூடம் மாறும். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது.
“மீன் பொரிச்சு வச்சா உங்க அத்தை வாயே திறக்க மாட்டா” என்றார் அப்பா. யார் பொரிப்பது? அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

ஜூன் 5, புதன்
தூக்கம் வரவில்லை.

ஜூன் 6, வியாழன்
ஒத்திகைக்காக மீன்கடைக்குப் போனோம். கடல் மீன் விலையைக் கேட்டதும் அப்பா மரியாதையாக ஒரு அடி பின்வாங்கினார். குளத்தில் வளர்த்த திலேப்பியாதான் கட்டுப்படியானது. கண் தெளிவா, செவுள் சிவப்பா, அமுக்கினால் சதை எழும்புகிறதா, பார்த்து வாங்கச் சொல்லியிருந்தாள் அம்மா. ஆனால் அந்தக் கண் என்னையே பார்க்கிறதே! நான் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக அமுக்கினேன்.
“கண்ணு, இதென்ன தலகாணிக் கடையா?” என்றார் கடைக்கார அக்கா. முள் நீக்கித் துண்டு போட்டுத் தந்தார்.
அத்தனையும் சட்டியில் உடைந்துவிட்டது. ஒட்டிவிடுமோ ஒட்டிவிடுமோ என்று திருப்பிக்கொண்டே இருந்தேன்.
அம்மா போனில் சிரித்தாள். “ஈரத்தத் துணியால ஒத்தி எடு. எண்ணெ நல்லா காயட்டும். மீன் தானா சட்டிய விடற வரைக்கும் கைய வைக்காதடி.”
அத்தை குளத்து மீனில் மண் வாடை வரும் என்பாராம். கடல் மீன் என்று சொல்லிவிடலாம் என்கிறார் அப்பா. ஐயோ.

ஜூன் 9, ஞாயிறு
காலையில் வாங்கிய மீன். மிளகு, பூண்டு, எலுமிச்சை. சட்டியில் போட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. நான் கதவைத் திறக்கப் போன நேரத்தில் அப்பா உதவி செய்கிறேன் என்று கரண்டியை விட்டுக் குத்தியிருக்கிறார். தட்டுக்கு வந்தது தூள்.
அத்தை ஒரு வாய் வைத்தார். “என்ன மீன்டா?”
“கடல் மீன்க்கா.”
“கடல்ல எந்தப் பக்கம்?”
அப்பா தண்ணீர் குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “வளர்ப்பு மீன் அத்தை. நான் ஒழுங்காத்தான் போட்டேன், அப்பாதான் குத்திட்டாங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க!”
அத்தை மூன்றாவது தடவையாகப் போட்டுக்கொண்டார். “மண் வாடையே இல்லையே. முள்ளும் இல்ல.” பிறகு அப்பாவைப் பார்த்தார். “இவளக் கூட்டிட்டுப் போனா நீ பட்டினி கெடந்தே போய்ச் சேந்துடுவடா.”
அப்படியென்றால் நான் போக வேண்டாமா? கேட்கத் தைரியம் இல்லை.

ஜூன் 15, சனி
அத்தையின் கட்டில், தையல் மெஷின், மூன்று பெட்டி, எல்லாம் வண்டியில் வந்து இறங்கின. கட்டில் என் அறைக்கு. அப்பா ஒரு முனை, நான் ஒரு முனை. வாசற்படி தாண்டும்போது அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என் காதில் சொன்னார்: “இவ்ளோ ருசியா செஞ்சிருக்க வேணாம் பாப்பா.”