பதினாறு பூச்சு

1907 மார்ச் 4
ஐந்து மோட்டார் வண்டிகளும் தயார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கே தயார்? இஞ்சின் என் வேலை, ஐந்தும் ஓடுகின்றன. மேல்கூடு அண்ணன் கான்ராடின் வேலை. காலமெல்லாம் குதிரை வண்டி கட்டியவர். பதினாறு பூச்சு வார்னிஷ் அடித்தாக வேண்டும், ஒன்று காய்ந்தால்தான் அடுத்தது.

"டேய் லியாண்டர், நம்ம வண்டியில மூஞ்சி பாத்துத் தலை சீவணும்டா."

மார்ச் 19
மழை. ஆறாவது பூச்சு இன்னும் விரலில் ஒட்டுகிறது.

ஏப்ரல் 2
வண்டியின் முன்பலகையில் அண்ணன் சவுக்கு செருகும் குழாய் வைத்திருக்கிறார். குதிரையே இல்லாத வண்டிக்கு!

"சவுக்கு எதுக்குண்ணே?"

"குழாய் இல்லாட்டி மூளியா இருக்கும்டா."

இவரோடு கூட்டுச் சேர்ந்த என்னைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 20
இண்டியானாபோலிஸிலிருந்து ஹாஸ்கின்ஸ் வந்தார். வண்டி விற்பவர். ஒன்றை ஆற்றுப்பாலம் வரை ஓட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"அஞ்சையும் இன்னிக்கே ரயில்ல ஏத்துங்க. பூச்சு கெடக்குது. ஜனங்களுக்கு ஓடுனா போதும்."

அண்ணன் பட்டறைக் கதவை மறித்து நின்றார். "காயாத வண்டி என் பேரோட வெளிய போகாது."

உன் பேர் மட்டுமா? என் பேர் இல்லையா அதில்? — கேட்டிருக்க வேண்டும். ஹாஸ்கின்ஸ் போயே போய்விட்டார்.

ஏப்ரல் 21
அண்ணனோடு பேசவில்லை. அண்ணி மின்னா ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தனுப்பினார். தின்றேன். கோபம் வேறு, பசி வேறு.

ஜூன் 11
பதினாறும் காய்ந்தன. ஹாஸ்கின்ஸ் வேறு கம்பெனி வண்டிகளை விற்றுக்கொண்டிருக்கிறாராம். எங்களுடையதைக் கேட்க நாதியில்லை. பளபளப்பாக நிற்கின்றன, பாழாய்ப்போனவை.

செப்டம்பர் 28
கம்பெனியை மூடினோம். பெயர்ப்பலகையை அண்ணனே இறக்கினார். "எம்மேல தப்பாடா?" என்றார். ஆமாம் என்றேன். சொன்னதற்கு இன்னும் வருந்தவில்லை.

1908 மே 30
போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். ஊர்வலம் பார்க்கப் போனேன்.

வண்டிகளிலிருந்து கழற்றி விற்ற என் இஞ்சின்கள் பண்ணைகளில் சோளம் அரைக்கின்றன. மேல்கூடுகளை விற்றது அண்ணன். அவற்றில் ஒன்றில்தான் மேயர் வந்தார், முன்னால் இரண்டு குதிரைகளைப் பூட்டிக்கொண்டு. குழாயில் சவுக்கு.

பக்கத்தில் அண்ணன் வந்து நின்றார். "பாத்தியா, குழாய் வேண்டியிருக்குதுல்ல."

அறையலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியையே பார்த்தேன். நெரிசலில் அது எங்கள் முன் நின்றது. கதவில் என் முகம் ஒரு நெளிவில்லாமல் தெரிந்தது. அருகில் அவர் முகம். அழுதுகொண்டிருந்தார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி நகரும் வரை கதவிலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.