பறவைகள் விட்டுப்போன பயறு

அக்டோபர் 6, திங்கள்

புழுக்கம். மழை வருவேன் வருவேன் என்று போக்குக் காட்டுகிறது. காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறப்பு. காரமடை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம்.

கேட்டுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. பிரேயர் நடக்கும் செம்மண் முற்றத்தைக் காணோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சாம்பல் நிறத்தில் பேவர் பிளாக் கல். லீவுக்குள் முடித்துவிட்டார்கள். சுவரில் பளிங்குப் பலகை: உபயம், முன்னாள் மாணவர் சக்திவேல். என்னிடம் படித்தவன். இப்போது பம்ப்செட் கம்பெனி வைத்திருக்கிறான்.

ஹெச்.எம். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"எப்படிங்க டீச்சர் இருக்குது? இனிமே சேறுங்கற பேச்சே இல்லீங்க."

"நல்லா இருக்குதுங்க சார்."

நல்லா இல்லை.

கையோடு இன்னொன்றும் சொன்னார். பதினோராம் வகுப்பில் உயிரியல் குரூப்புக்கு இந்த வருடம் ஆள் சேரவில்லை. எல்லோருக்கும் கம்ப்யூட்டர்தான் வேண்டும். ஆக, விலங்கியல் டீச்சரான நான் உபரி, சர்ப்ளஸ். தீபாவளி கழித்து தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல். இங்கே மிச்சமிருக்கும் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கொடுக்க வாரம் இரண்டு நாள் வந்து போகலாம்.

இந்த வாரம்தான் பரிணாமப் பாடம். இங்கே கடைசி முறை. விதை விளையாட்டும் கடைசி முறை. அதற்கு மண் இல்லை.

வாங்க: ரசப்பொடி, கலர் சாக்பீஸ், முட்டிவலித் தைலம்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். தூக்கம் சரியில்லை.

நாளெல்லாம் மும்தாஜ் ஞாபகம். இங்கே தாவரவியல் டீச்சராக இருந்தவள். விதை விளையாட்டே அவள் மூளைதான். வெள்ளை மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, பச்சைப்பயறு, வகைக்கு நூறு. செம்மண்ணில் வீசிவிடுவாள். பிள்ளைகள்தான் பறவைகள். விசில் ஊதினால் பொறுக்க வேண்டும், மறுபடி ஊதினால் நிறுத்த வேண்டும். மொச்சை முதல் விசிலிலேயே காலி. கொள்ளு மண்ணோடு மண்ணாகக் கிடந்து தப்பிக்கும். இயற்கைத் தேர்வுக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும். மிச்சம் மீதியைச் சுண்டல் செய்து இருவரும் ஸ்டாஃப் ரூமில் தின்போம்.

முதல் வருடம் விளையாடி முடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை பிரேயருக்கு வந்தால் முற்றம் முழுக்கக் கொள்ளு முளைத்திருக்கிறது. அன்றைக்கு வரிசையில் நின்ற சக்திவேல் கத்தினான், "டீச்சர், நாங்க பாக்காம உட்டதெல்லாம் மொளச்சுப்போட்டுதுங்க." மும்தாஜ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தனை பிள்ளைகளையும் முளையை மிதிக்காமல் நிற்க வைத்தாள். அப்படிச் சிரித்த காலை அப்புறம் வரவில்லை.

அவள் ரிடையர் ஆகி மகன் வீட்டில், ஈரோட்டில். அங்கே மஞ்சள் வாசத்தில் தும்மியே சாகிறேன் என்கிறாள்.

அந்த சக்திவேல்தான் கல் போட்டிருக்கிறான். நாளைக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

பரிணாமம் தொடக்கம். வருடா வருடம் வரும் கேள்வி இந்த வருடமும் வந்தது. தரணி எழுந்தாள். "அப்ப நாம கொரங்குல இருந்துதான் வந்தமுங்களா மிஸ்?"

மும்தாஜ் சொல்லிக்கொடுத்த பதில் தயாராக இருந்தது. "கொரங்கு நமக்குப் பாட்டன் இல்ல கண்ணு, பங்காளி. பாட்டன் வேற ஒருத்தர். அவரு போயிச் சேர்ந்துட்டாரு. அவரு வம்சம் ரெண்டாப் பிரிஞ்சுது."

"அப்படீன்னா கொரங்கு செத்தா நமக்குத் தீட்டுங்களா மிஸ்?"

வகுப்பு உருண்டு சிரித்தது. நானும். பங்காளி என்றதும் தீட்டுக்குப் போகும் புத்தி இந்த ஊரில்தான் வரும். தீட்டு எத்தனை தலைமுறைக்கு என்று கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பொது மூதாதையர் எவ்வளவு பின்னால் என்பதை நடத்தி முடித்தேன். கெட்டிக்காரி தரணி.

சாயங்காலம் சக்திவேலுக்குப் போன். திட்டத்தான் கூப்பிட்டேன். அவன் முந்திக்கொண்டான்.

"டீச்சர், பாத்தீங்களா? நாங்க படிக்கையில நீங்க அந்த முத்தத்துல மழையில வழுக்கி உழுந்து கை ஒடிஞ்சுதுங்களே. கட்டோட வந்து பாடம் நடத்துனீங்க. கையில காசு வந்தா மொத வேலையா அங்க கல்லு போட்டுப்போடோணும்னு அப்பவே நெனச்சனுங்க."

நன்றி சொன்னேன். வைத்துவிட்டு அழுதேன். என்மேல் இருந்த பிரியத்தில் என் மண்ணை மூடியிருக்கிறான். இவனை எந்தக் கணக்கில் திட்டுவது.

அக்டோபர் 9, வியாழன்

மேகமூட்டம். முட்டி வலி.

விளையாட்டை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். தரணி விடவில்லை. "சீனியர் அக்காங்கெல்லாம் ஆடுனாங்களாமாங்க மிஸ், நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணுனோம்?" சரி, கல்லிலேயே ஆடித் தொலைவோம்.

நினைத்தபடியே சப்பென்று போனது. சாம்பல் கல்லில் மொச்சையும் தெரிகிறது, தட்டையும் தெரிகிறது, கொள்ளும் பளிச்சென்று தெரிகிறது. என் கொள்ளு. இத்தனை வருடம் தோற்காத கொள்ளு. கோழி மேய்வது போல மேய்ந்து முடித்துவிட்டார்கள். மண் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

எண்ணிக்கொண்டிருந்த தரணி நிமிர்ந்தாள். "மிஸ், பச்சைப்பயறு பாதிக்கு மேல காணமுங்க."

எல்லோரும் குனிந்து தேடினோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு. உருண்டு போய் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது பயறு. குச்சி விட்டு நோண்டினாலும் வரவில்லை.

"இங்க கலரு முக்கியமில்லீங்க மிஸ். சைஸுதானுங்க. இடுக்குல எறங்குனது தப்பிச்சுக்குது."

மண்ணில் முதல் இரண்டு விசிலுக்குள் காலியாகிற பயறு அது. இடம் மாறினால் ஜெயிப்பவரும் மாறுவார் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன், எத்தனையோ முறை. இன்றுதான் எனக்கே உறைத்தது.

ஹெச்.எம். வந்து, புதுக் கல்லில் குப்பை எதற்கு, கூட்டுங்கள் என்றார். கூட்டினார்கள். இடுக்கில் இருந்தது இருந்தபடி.

ராத்திரிச் சாப்பாடு: மிஞ்சின கொள்ளில் ரசம். பழிவாங்கியது போல இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

முந்தாநாள் பிடித்த மழை விடவில்லை. கரண்ட் வருகிறது, போகிறது. துணி காயவில்லை.

மும்தாஜுக்குப் போன். கல் போட்டது, சர்ப்ளஸ் ஆனது, கொள்ளு தோற்றது எல்லாம் சொன்னேன். சர்ப்ளஸைக் கேட்டு உச்சுக்கொட்டினாள். கொள்ளைக் கேட்டுத்தான் பதறினாள்.

"கொள்ளா? நம்ம கொள்ளா தோத்துச்சு?"

சிரித்தோம். இருபது வருடத்துக்கு மேல் ஒரே மேஜை. அந்த மேஜையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை.

"ஏன் கோமதி, போற எடத்துல தரை எப்படீன்னு மொதல்ல கேளு" என்று சொல்லி வைத்தாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை விட்டு வெயில்.

பிரேயர் நடக்கவில்லை. பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் கூட்டமாகக் குனிந்து நிற்கிறார்கள். இடுக்குகளில் வரிசை வரிசையாகப் பச்சை. கோடு போட்டு நட்டது மாதிரி பச்சைப்பயறு. ஹெச்.எம்.மும் வந்து குனிந்து பார்த்தார். கொஞ்சம் கழித்து, "யாரும் மிதிக்காதீங்க சாமி" என்றார். அந்த மனிதரை இத்தனை நாள் தப்பாக எடை போட்டுவிட்டேன்.

போட்டோ எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பினேன். மும்தாஜிடமிருந்து பதிலில்லை, தும்மிக்கொண்டிருப்பாள். சக்திவேல் உடனே கூப்பிட்டான். "பாக்காம உட்டதுங்களா டீச்சர்?"

"ஆமா சாமி. பாக்காம உட்டதுதான்."

அவனுக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

தூறல். நாளையோடு முழுநேரக் கணக்கு முடிகிறது. பீரோச் சாவி ஒப்படைத்தாயிற்று. விசில் மட்டும் என் பையில்.

தொண்டாமுத்தூர்ப் பள்ளிக்குப் போன். கிளார்க் எடுத்தார். பஸ் நேரம் கேட்டேன். அப்புறம், பிரேயர் நடக்கும் இடம் மண்ணா, கல்லா என்று கேட்டேன்.

"மண்ணுதானுங்க டீச்சர். போன வாரம் யானை வந்து காம்பவுண்ட ஒடச்சுட்டு அதுலயே நடந்து போயிருக்குதுங்க. அடி அடியாக் குழி. நம்ம பழைய பையன் ஒருத்தர் பேவர் பிளாக் போட்டுத் தாரேன்னு சொல்லியிருக்காருங்க. தீபாவளி கழிச்சு வேலைங்க."

சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"போடட்டுமுங்க. நெருக்கி அடுக்காம, கொஞ்சம் இடுக்கு உட்டுப் போடச் சொல்லுங்க."

"எதுக்குங்க டீச்சர்?"

வந்து சொல்கிறேன் என்றேன்.