வரைபடத்தில் இல்லாத கல்

சின்னவளின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை. கண் எரிச்சல் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். வெல்டிங் வைக்கும்போது நீங்கள் கண்ணாடி போடுவதே இல்லை என்று, லீவில் வந்திருக்கும் உங்கள் அறைக்காரர் சொல்லிவிட்டார். அவர் அங்கே திரும்பியதும் திட்ட வேண்டாம். நான்தான் வாயைப் பிடுங்கினேன்.

இந்த விஷயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் "சரி, சரி" என்று வைத்துவிடுவீர்கள். காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே.

டீச்சரம்மா போன பிறகு பூட்டிக் கிடந்த பின்வீட்டை, அவருடைய மகன் ஒரு லாரிக்காரருக்கு விற்றுவிட்டார். வந்த சூட்டோடு பழைய வீட்டை இடித்தாகிவிட்டது. மாடி வீடு வரப்போகிறதாம். செங்கல் இறக்க வசதியாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த கம்பி வேலியைப் பிடுங்கினார்கள். திருப்பி நடும்போது ஒரு கை அகலம் நம் பக்கம் தள்ளி நட்டுவிட்டார்கள். மூலையில் இருக்கும் கல் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

நான் சும்மா இருப்பேனா? தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். லாரிக்காரர் வந்தார். உருவத்தைப் பார்த்து முரடர் என்று நினைத்தேன், பேச்சு அப்படி இல்லை. கம்பி எங்கே இருந்தது என்று ஆட்களுக்குத் தெரியவில்லை, தப்பாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் அக்கா என்றார். மாற்றிக்கொள்ளலாம் என்ற வார்த்தையை எத்தனை நாளைக்கு நம்புவது? இன்று இவர், நாளை இவரிடம் வாங்குகிறவர். எனக்கு எழுத்தில் வேண்டும்.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு நில அளவை அலுவலகத்துக்குப் போனேன். அதில் வடக்கே டீச்சர் மனை, தெற்கே தெரு என்றுதானே எழுதியிருக்கிறது, இதை வைத்து எல்லை சொல்ல முடியாது என்றார் கிளார்க். இந்த ஊரை முதன்முதலில் அளந்தபோது போட்ட வரைபடம் பின்னால் ஓர் அறையில் இருக்கிறதாம், அதுதான் கடைசி வார்த்தையாம். அந்த அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் இல்லை, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. துணி ஒட்டிய பெரிய தாளை அவர் மேஜையில் விரித்து, நம் மனையின் பழைய சர்வே எண்ணைத் தேடி விரலை வைத்தார். வீடு இல்லை, தெரு இல்லை, நான்கு கோடும் ஓரங்களில் பொடி எழுத்தில் சில எண்களும் மட்டும். நம்முடையது ஒரு பிஸ்கட் அளவுதான் இருந்தது. எனக்கு என்னவோ சிரிப்பு வந்துவிட்டது. நூறு வருஷமாக நம் இடம் இங்கே பத்திரமாக இருந்திருக்கிறது என்று தோன்றியது.

மனு கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் சர்வேயர் வருகிறார். ஒரு தடவை அளந்து எழுதி வாங்கிவிட்டால், நீங்களும் நானும் போன பிறகும் அந்த மூலையை யாரும் தொட முடியாது. அங்கே யார் இருக்கிறாள் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நாம் அதைப் பேசியதில்லை. இப்போதும் பேசச் சொல்லவில்லை. அவள் இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் இவ்வளவு அலைகிறேன்.

மோட்டார் ரிப்பேர் ஆகி, சரியும் ஆகிவிட்டது. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா

*

சின்னவளின் அப்பாவுக்கு,

உங்கள் பதில் வந்தது. "அளக்க விடாதே" என்று ஒரே வரி. அது தபால்காரர் கையிலிருந்து என் கைக்கு வந்தபோது அளந்து முடித்து ஒரு நாள் ஆகியிருந்தது.

உங்களுக்குத் தெரியுமா? ஒரு சந்தேகமாவது இருந்ததா? இருந்ததென்றால் இத்தனை வருஷம் என்னிடம் ஏன் சொல்லவில்லை? கோபத்தில்தான் எழுதுகிறேன், கோபமாகவே படியுங்கள்.

சர்வேயர் காலையில் வந்தார். தொப்பியும் தும்மலுமாக ஒரு சாதாரண மனிதர். நேராக நம் வீட்டுக்கு வரவில்லை. தெருக்கோடியில் பம்பு அறைக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டச் சொன்னார். முழங்கை ஆழத்தில் ஒரு பழைய கல் இருந்தது, தலையில் சிலுவை மாதிரி வெட்டு. பாலத்தடியில் இன்னொன்று. இந்த இரண்டையும் வைத்துத்தான் மற்றதெல்லாம் என்றார். அந்தக் காலத்துச் சங்கிலிக் கணக்கை அடியாக்கி, டேப்பை இழுத்துக்கொண்டு நம் முற்றத்துக்குள் வந்தார். தெருவே பின்னால் வந்தது. நான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டுக்காரி மாதிரி நடந்துகொண்டேன், இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

டேப் துவைக்கிற கல்லைத் தாண்டியது. கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. இன்னும் போங்கள், மூலை அங்கே இருக்கிறது என்றேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், இங்கே குத்து என்று ஆளிடம் சொன்னார். கடப்பாரை கல்லில் பட்டு ணங்கென்றது. தோண்டினால் அதே சிலுவை வெட்டு. புதையல் கிடைத்த மாதிரி எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நம் மூலை அதற்கு அப்பால் நாலைந்து எட்டு தள்ளி இருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். நானே ஆள் வைத்து வெட்டினேன்.

பிறகு அவர் நம் கல்லிடம் போனார். மண்ணைத் தட்டினார், குனிந்து எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்தார்.

"இது யாரு நட்ட கல்லு? ரிக்கார்டுல இல்லாத கல்லும்மா இது."

நான் என்ன சொல்ல? நீங்கள் நட்ட கல் என்று சொல்லவா? அந்த வெள்ளத்தில், மயானத்துக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர் நின்றபோது, பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய் வேலிச் செடி ஓரத்தில் வைத்துவிட்டு, இடம் மறக்கக் கூடாது என்று தலைமாட்டில் நட்ட கல் என்று தெரு முழுக்க நிற்கும்போது சொல்லவா? அன்று அந்தச் செடி காடாக மண்டி டீச்சரம்மா பக்கம் சாய்ந்து கிடந்தது. கொட்டுகிற மழையில் எது வேலி, எது எல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதில் உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

செடி பட்டுப்போய்க் கம்பி வேலி போட்ட நாள் நினைவிருக்கிறதா? வேலிக்காரன் அந்தக் கல்லைப் பார்த்தான், எல்லைக் கல் என்று தானாகவே நினைத்துக்கொண்டு அதுவரை கம்பியை இழுத்தான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். இல்லை என்று சொன்னால் பின்னே என்ன கல் என்று கேட்பான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. டீச்சரம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அந்தப் பக்கம் கொத்த வந்த ஆளை, அங்கே வேண்டாம் என்று அவர் நிறுத்தியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

இப்போது தெருவில் என்ன பேச்சு தெரியுமா? நீங்கள் கள்ளக் கல் நட்டு அடுத்தவர் நிலத்தைத் தின்றீர்களாம். டீச்சரம்மா தனியாக இருந்தவர், கேட்க ஆளில்லை என்று துணிந்தீர்களாம். பக்கத்து வீட்டுத் தையற்காரி என் முகத்துக்கு நேராகவே, உங்க வீட்டுக்காரர் பேசாமலே காரியம் சாதிக்கிறவர் என்று சொல்லிச் சிரித்தாள். சர்வேயர் நீட்டிய தாளில் அது ஆக்கிரமிப்பு என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அவளை என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

லாரிக்காரர் மட்டும் ஏளனம் செய்யவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது. "நான் கேக்கவே இல்லையேக்கா, நீங்கதானே அளக்கச் சொன்னீங்க" என்றார். உண்மைதானே. மாற்றிக்கொள்ளலாம் என்ற மனிதரை நான்தான் விடவில்லை.

சின்னவள் போன் செய்தாள். மாப்பிள்ளை காதுக்கும் போய்விட்டது. "அப்பா கல்லை நகத்தினாராம்மா?" என்று கேட்டாள். ஊர் ஆயிரம் பேசும், நீ நம்பாதே என்றேன். அப்படியென்றால் அது என்ன கல் என்றாள். இருக்கிற ஒரே பெண்ணை எதற்குச் சின்னவள் என்று கூப்பிடுகிறீர்கள், பெரியவள் எங்கே என்று மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று கேட்டாரே, அப்போது நீங்கள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டீர்கள். இன்று நான் போக இடமில்லாமல், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

உங்கள் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவளைச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால் உங்களைத் திருடன் என்று விட வேண்டும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா

*

சின்னவளின் அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. போனிலும் அனுப்பிய பணம் வந்ததா, மோட்டார் ஓடுகிறதா என்றுதான் கேட்கிறீர்கள். அறையில் ஆட்கள் இருப்பார்கள், புரிகிறது. உங்கள் அறைக்காரர் நாளை கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை அவர்.

மேஸ்திரி வந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டார். வீட்டுக் கழிவுத் தொட்டி அந்த மூலையில்தான் வருகிறது. வேறு இடத்தில் வைக்கக் கூடாதா என்று கேட்டேன். தெருப்பக்கம் பாறை, இங்கேதான் மண் இளக்கமாக இருக்கிறது என்றார். இளக்கமாக இல்லாமல் எப்படி இருக்கும்.

கல்லைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். உங்கள் கல் உங்களுக்கே என்று கொண்டுவந்து நம் பின்வாசலில் சாத்திவைத்துவிட்டுப் போனார்கள். மண்ணுக்குள் இருந்த பாதி இன்னும் ஈரமாக இருந்தது. அதைக் கழுவ மனம் வரவில்லை. தாண்டித்தான் தண்ணீர் எடுக்கப் போகிறேன்.

லாரிக்காரரிடம் சொல்லிவிடலாம் என்று அவர் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். ஒரு தடவை சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன், இன்னொரு தடவை அதுவும் கேட்கவில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். வீடு கட்டுகிற இடத்தில் இப்படி ஒன்று என்றால் அவர் பயந்து போலீசுக்குச் சொல்லுவார். வருகிறவர்கள் பிறந்த சீட்டு கேட்பார்கள், இறந்த சீட்டு கேட்பார்கள். என்ன காட்டுவது? பார்த்த ஒரே ஆள் மருத்துவச்சி, அவளும் போய்ச்சேர்ந்துவிட்டாள். நூறு வருஷத்துக்கு முன்னால் புதைத்த கல்லுக்கு அந்த அறையில் ஓர் எண் இருக்கிறது, எத்தனை அடி தள்ளி என்று கணக்கு இருக்கிறது. இவளுக்கு ஒரு பொட்டு மை இல்லை. எடுத்துக்கொண்டுபோய்ச் சோதனை என்று டப்பாவில் போட்டு வைப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

சின்னவள் இப்போது போன் செய்வதில்லை. மாப்பிள்ளைதான் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். அது எப்படிப்பட்ட மரியாதை என்று எனக்குத் தெரியும். உங்கள் பெயர் போனது போனதாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்கிறேன், மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் நல்லவர் என்று தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறேன்.

வாரக் கடைசியில் வேலை ஆட்களுக்கு லீவு. லாரிக்காரரும் குடும்பத்தோடு அவருடைய அண்ணன் ஊருக்குப் போகிறார். அடுத்த நாள் மண் அள்ளும் மெஷின் வந்துவிடும். நடுவில் அந்த ஒரு பகல்தான் இருக்கிறது. நானே தோண்டி எடுத்து நம் பக்கம் வைத்துவிடப் போகிறேன். கடப்பாரையும் மண்வெட்டியும் இருக்கின்றன, துவைத்த புதுத் துண்டு ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் கல்லுக்குக் குழி தோண்டுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். முடியுமா என்று கேட்காதீர்கள். நான்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அன்று நான் உள்ளே படுத்துக் கிடந்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவே மண்வெட்டிச் சத்தம் கேட்டது, எவ்வளவு நேரம் என்று தெரியாது. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று மருத்துவச்சி என்னைத் தடுத்துவிட்டாள். நீங்கள் பார்த்தீர்கள். எப்படி இருந்தாள், யார் ஜாடை என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள். தெரிந்தால் அதற்கு முன்னாலேயே கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் அள்ளுவேன். தெரியாமல் போட்டு அவள்மேல் பட்டுவிடக் கூடாது.

அடிக் கணக்கு நினைவில்லை என்றால், குழிக்குள் நின்றபோது மண் உங்களுக்கு எதுவரை வந்தது என்று சொன்னால் போதும். காகிதம் வந்துசேர நேரமில்லை, போன் போடுங்கள். அறையில் ஆட்கள் இருந்தாலும் பரவாயில்லை. முழங்கால் என்றோ, இடுப்பு என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். வேறு எதுவும் நான் கேட்க மாட்டேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். எனக்கு இனி நீங்கள்தான் பார்த்ததற்கெல்லாம் சாட்சி. அந்தக் கண்கள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பெண்களின் அம்மா