இரண்டு தரம் அழுத்தினீர்

"மாமா, அப்பாவுக்குக் கடைசியிலை நோ இருந்ததோ?"

சென்ற ஆண்டு உம்முடைய மகள் கனடாவிலிருந்து தொலைபேசியில் என்னிடம் கேட்டது இது. அவள் புறப்பட்டு வருவதற்குள் நீர் கண்ணை மூடிவிட்டிருந்தீர். "இல்லைப் பிள்ளை. நான் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்," என்றேன். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. முப்பது வருடம் வகுப்பில் நின்றவனுக்குத் தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்ல வரும்.

போன கிழமை உம்முடைய ஆட்டைத் திவசத்துக்கு, வருடம் முடிந்த நினைவுநாளுக்கு, அவள் வந்திருந்தாள். அலுமாரிக்குள் கிடந்தது என்று நீர் மல்யுத்தத்துக்குப் போட்ட அந்தக் கறுப்பு முழங்கை உறையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். மூக்கருகே பிடித்தேன். நோவெண்ணெய் மணம். அதற்கடியில் வெங்காய மணமும் இருந்தது போலப்பட்டது. உண்மையாகவே இருந்ததா, நான் நினைத்துக்கொண்டதா, தெரியவில்லை.

இளைப்பாறியதும் நீர் ஆறு மாதம் மகளிடம் போய் இருந்தீர். மற்றவர்கள் கனடாவிலிருந்து சொக்கிளேற் கொண்டுவருவார்கள். நீர் மல்யுத்தச் சொற்களைக் கொண்டுவந்தீர். மகள் வீட்டுக்குப் பக்கத்தில், பழைய களஞ்சியம் ஒன்றில், தொலைக்காட்சியில் காட்டும் மல்யுத்தத்தைப் பழக்கினார்களாம். குளிருக்குப் பயந்து உள்ளே போன நீர், பிறகு நாள்தோறும் போயிருக்கிறீர்.

"மாஸ்டர், விழுறதை அவங்கள் பம்ப் எண்டு சொல்லுறவங்கள். நோகிற மாதிரிக் காட்டுறது செல். கெட்டவனாய் வாறவன் ஹீல். எல்லாம் முதலே பேசி வைச்சுத்தான். பேச்சை மீறி உண்மையா அடிச்சால் அது ஷூட்."

"அப்ப எல்லாம் பொய்தானே?"

"பொய்யெண்டால் ஏன் ஒவ்வொருத்தனும் முழங்காலிலை பட்டி கட்டிக்கொண்டு திரியிறான்? விழுறது உண்மை, மாஸ்டர். சனத்துக்கு நோகிற மாதிரியும் உடம்புக்கு நோகாமலும் விழவேணும். அதுதான் வேலை."

கணக்குப் படிப்பித்த நீர் இப்படிச் சொன்னது எனக்கு விளங்கவே இல்லை. ஒரு செயல் ஒரே நேரத்தில் மெய்யாகவும் பொய்யாகவும் எப்படி இருக்கும்? சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் நாங்கள் இருவரும் மல்யுத்தம் செய்யப்போகிறோம் என்று நீர் பெயர் கொடுத்த பிறகுதான் சிறிது விளங்கத் தொடங்கியது.

"நீர்தான் ஹீல்."

"நானோ? ஒரு பிள்ளைக்கும் நான் கை நீட்டினதில்லை."

"அதுதான் நல்லம். சனம் மிரளும்."

உம்முடைய வெங்காயக் கொட்டிலில் பழகினோம். மேலே வெங்காயப் பிடிகள் தொங்கின. கீழே வைக்கோலும் இரண்டு தும்பு மெத்தைகளும். தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு ஒட்டவேண்டும், முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படவேண்டும், இரண்டு கைகளையும் விரித்து மெத்தையில் அறையவேண்டும் என்று சொல்லித் தந்தீர். விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு அது விளங்கியது. கத்தியின் விளிம்பை விரலில் வைத்து அழுத்தினால் வெட்டும். அதே கத்தியைப் படுக்க வைத்து அழுத்தினால் வெட்டாது. பரப்புக் கூடினால் அமுக்கம் குறையும். கை அறையும் சத்தத்தில் பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும். விழுந்தவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம்.

என் சிக்கல் வேறு. நான் தள்ளுவேன், நீர் விழுந்து "ஐயோ, அம்மா!" என்று கத்துவீர், நான் உடனே குனிந்து "நோகுதோ?" என்று கேட்பேன்.

"மாஸ்டர், நீர் ஹீல்! ஹீல் வந்து சுகம் விசாரிக்கிறதோ?"

நாலைந்து தரம் இப்படி நடந்த பிறகு நீர் ஒரு வழி சொன்னீர். கனடாவில் கண்டதாம். விழுந்தவரின் கையை முறுக்குவது போல மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சுகம் என்றால் விழுந்தவர் இரண்டு தரம் அழுத்துவார். அழுத்தாவிட்டால் அந்த இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். "வாய் என்னவும் கத்தும். அதைக் கேளாதையும். கையை மட்டும் கேளும். கையிலை நடிப்பில்லை." எனக்குப் பெரிய நிம்மதி.

விழா அன்று பின்னேரம் நான் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்ததும் சனம் கூவத் தொடங்கியது. "மாஸ்டர், பிரம்பு எங்கை?" "அவர் வீட்டுவேலைக் கணக்குச் செய்யேல்லையோ, போட்டு அடிக்கிறியள்?" சிரித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் ஒரு கட்டத்தில் எனக்குள் உண்மையாகவே ஏதோ சூடேறியது. பழகியதைவிடக் கடுமையாகத் தள்ளினேனா? இன்றைக்கும் தெரியாது. நீர் கை விரிப்பதற்கு முன்பே விழுந்தீர். கத்தினீர். நான் கையைப் பிடித்து முறுக்கினேன். இரண்டு தரம் அழுத்தினீர்.

ஆகவே நான் தொடர்ந்தேன். நீர் எழும்பி என்னை விழுத்தி, மேலே படுத்து, மூன்று எண்ணும்வரை அமத்திப் பிடித்து வென்றீர். சனம் எழுந்து நின்று கைதட்டியது. திரைக்குப் பின்னால் வந்து உறையைக் கழற்றினால் முழங்கை வீங்கி உருண்டு நின்றது. எலும்பில் வெடிப்பு விழுந்திருந்தது.

"பின்னை ஏன் என்ரை கையை இரண்டு தரம் அழுத்தினீர்?"

"சனம் எழும்பத் தொடங்கிட்டுது, மாஸ்டர். அந்த நேரம் நான் என்ன செய்ய?"

மாவுக்கட்டு வெட்டிய பிறகு தினமும் எண்ணெய் பூசிவிட்டவன் நான்தான். நீர் சிரித்தீர்; நானும் சிரித்தேன். ஆனால் கையிலை நடிப்பில்லை என்று சொன்னவர் கையிலும் நடித்துவிட்டார் என்பது எனக்குள் எங்கோ முள்ளாய்க் கிடந்தது.

அந்த முள், சென்ற ஆண்டு நீர் வருத்தமாகிக் கிடந்த யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரி வார்டில்தான் குத்தத் தொடங்கியது. வாயில் குழாய், கதைக்க முடியாது. கட்டிலருகே இருந்து உம்முடைய அதே கையைப் பிடித்துக்கொண்டு, "நோகுதோ?" என்று கேட்டேன். இரண்டு தரம் அழுத்தினீர். அன்று மாலை போய்விட்டீர்.

அதை நம்பித்தான் மகளுக்கு இல்லை என்றேன். ஆனால் எதை நம்பினேன்? உண்மையாகவே சுகமாக இருந்தீரா? அல்லது உம்முன்னால் அழுதுகொண்டிருந்த ஒரே ஒரு பார்வையாளனுக்காக இன்னொரு தரம் விளையாட்டைத் தொடர்ந்தீரா? வெறும் நரம்புத் துடிப்பா? ஒரு வருடமாக ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்க்கிறேன். எதுவும் நிற்கவில்லை.

முழங்கை உறையைப் பிடித்துக்கொண்டு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விழாவையும் வார்டையும். "தொலைபேசியிலை நான் சொன்னது நிச்சயமில்லைப் பிள்ளை. எனக்குத் தெரியாது."

அவள் என் கையிலிருந்த உறையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எனக்கும் எப்பவும் சுகம் எண்டுதான் சொல்லுறவர். கையிலை கட்டுப் போட்டதே எனக்குத் தெரியாது, மாமா," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. உறையை என்னையே வைத்திருக்கச் சொன்னாள்.

அது இப்போது என் மேசையில் இருக்கிறது. வலது உள்ளங்கையில் அந்த இரண்டு அழுத்தங்களும் இருக்கின்றன. உம்மோடு கோபிக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. அவற்றைக் கழுவிவிடவும் மனமில்லை.

இதை வாசிப்பவர்களுக்கு, படிப்பித்த பழக்கத்தில், ஒரு வீட்டுவேலை தருகிறேன். இன்றைக்கே உங்கள் வீட்டில் ஒருவரின் கையைப் பிடித்து, "உண்மையாக நோகிறது" என்பதற்கு ஒரு சைகை பேசி வையுங்கள். யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதில் மட்டும் நடிப்பதில்லை என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.