குடிகாரன் என்றால் சம்பந்தம் வரும்

05.02.2025

டொக்டர், இந்தச் சாமத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவேண்டும். எல்லாரும் படுத்த பிறகுதான் கொப்பியைத் திறக்க முடிகிறது. "கணவருக்கு முன்னால சொல்ல ஏலாததைத் திகதி போட்டு எழுதும், பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்" என்றீர்கள். எழுதுகிறேன். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு.

இன்றைக்குக் கிளினிக்கில் நான் வாயே திறக்கவில்லை. இவருடைய தாய், மாமி, பக்கத்தில் இருந்தார். "என்ரை பிள்ளை தங்கம்" என்று அவர் சொல்ல, நானும் தலையாட்டினேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் இவர் சரியாகப் பதில் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னீர்கள். கணித ஆசிரியர், பிழை விடுவாரா?

அந்த ஆசிரியரைத்தான் பள்ளிக்கூடம் வரவேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயைப் பார்த்து, "என்ன, பன்றி மாதிரிக் கொழுத்துப்போனீர்?" என்று கேட்டுச் சிரித்தாராம். நாற்பத்தாறு வயது வரைக்கும் பெண்களிடம் நிமிர்ந்து கதைக்கவே கூச்சப்பட்டவர்.

வெளியில் வந்ததும் மாமி சொன்னார்: "அவன்ரை மூளை கல்லுப்போல கிடக்கு. மனம்தான் சரியில்லை. அது பெஞ்சாதியின்ரை கையிலை."

09.02.2025

சீனிப் போத்தல் வெறுமை. கையாலேயே அள்ளித் தின்றிருக்கிறார்.

14.02.2025

கீர்த்திகன் பனைமட்டைக் கருக்கில் கையை வெட்டிக்கொண்டான். ஐந்து வயதுப் பிள்ளை, இரத்தத்தோடு முதலில் தகப்பனிடம்தான் ஓடினான். இவர் பார்த்தார். "நல்ல சிவப்பு" என்றார். பிறகு விளாம்பழத்தைத் தோண்டித் தின்னத் தொடங்கினார்.

இதே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த மனிதர்.

"நீங்கள் மனிசனோ?" என்று கத்தினேன். சிரித்தார்.

என்னாலை ஏலாது. மெய்யா ஏலாது. இது குணமோ, நோய் வருத்தமோ? அதையாவது ஆராவது சொல்லுங்கோ. குணமெண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மண்கும்பானிலை அம்மா வீட்டை போயிடுவன். வருத்தமெண்டால்? வருத்தக்காரனை விட்டிட்டுப் போறதெப்பிடி?

02.03.2025

கோயிலில் பூசை தொடங்கவில்லை. இவர் நேரே போய்ப் படையலில் இருந்த மோதகத்தை எடுத்து வாயில் போட்டார். ஒன்றல்ல. ஐயர் மணியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

கடைக்கார நாகமுத்து விடுவாரா? "ஐயரே, இனி மணியை ஆட்டும். சாமி சாப்பிட்டிட்டுது!"

சிரிப்பு. அதோடு நிற்கவில்லை. "இவன்ரை தேப்பன் இராசநாயகமும் உப்பிடித்தானே. கடைசிக் காலத்திலை பொங்கல் பானைக்குள்ளை கை விட்ட ஆள்."

நான் திரும்பினேன். மாமி என் கையைப் பிடித்து இழுத்தார். "நட, வீட்டை."

வழியில் கேட்டேன், மாமா எப்படிச் செத்தவர் என்று. "குடிச்சு. சொன்னதுதானே."

ஓம், கலியாணம் பேசும்போது சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் விசாரித்தார்கள்: மகன் குடிக்கிறானோ? இல்லை. அத்தோடு சரி. ஒரு பாலம் தள்ளி இருந்த எங்களுக்கு இந்த மடத்துவெளி ஊர் முழுக்கத் தெரிந்த கதை தெரியாது. பொருத்தம் பத்தும் பொருந்தியதாம்!

04.03.2025

மாமாவுக்கு எந்த வயதில் தொடங்கியது என்று தொலைபேசியில் கேட்டீர்கள். குசினியில் மாமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன்.

"அம்பதுக்கு முன்னம்."

"அப்ப குடி?"

"அந்த மனிசனுக்குக் கள்ளு மணமே ஆகாது." பிறகு குரல் ஏறியது. "உமக்கென்ன விசரே? சயந்தினிக்கு இப்பதான் ஒண்டு முற்றாகிக் கிடக்கு, மாப்பிள்ளை வீட்டார் சுவிசிலை இருந்து வரப்போகினம். குடிகாரன்ரை மகள் எண்டால் சம்பந்தம் வரும். மூளை வருத்தம் எண்டால் ஒருத்தன் படலையைத் திறப்பானோ?"

சயந்தினி இவருடைய ஒரே தங்கை. முப்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் வேலை, சனி ஞாயிறுகளில் வருவாள்.

"அப்ப எனக்கு, மாமி? எனக்கு ஏன் சொல்லேல்லை?"

திருவுபலை நிற்கவேயில்லை.

19.03.2025

ஸ்கானைக் காட்டினீர்கள். மூளையின் முன்பக்கம் வற்றிச் சுருங்கிக் கிடந்தது. புரொன்ரோரெம்பொறல் டிமென்ஷியா. மறதிநோய் வகைதான், ஆனால் இவருக்கு முதலில் போனது ஞாபகம் இல்லை, இரக்கமும் கூச்சமும் என்றீர்கள். திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை. இரண்டு தலைமுறை என்றால் பரம்பரையாகவும் இருக்கலாம்.

இவர் கேட்ட ஒரே கேள்வி: "டொக்டர், கன்ரீனிலை றோல்ஸ் இருக்குமோ?"

குணம் இல்லை, வருத்தம். இதைக் கேட்கத்தானே இவ்வளவு நாளும் அலைந்தேன். பஸ் அம்மாவின் மண்கும்பானைத் தாண்டியபோது நான் எழும்பவில்லை. இறங்கிப் போக இருந்த ஒரு வாசலையும் அந்தப் படம் சாத்திவிட்டது. முந்தி இவரை வெறுக்கவாவது முடிந்தது.

முன் சீற்றில் இருந்த பெண்ணின் கடலைச் சரைக்குள் இவர் கையை விட்டார். அவ சீறிக்கொண்டு திரும்பினா. "இவருக்கு வருத்தம், அக்கா" என்றேன். வெளியில் ஒருவருக்கு அதைச் சொன்னது இதுதான் முதல் தரம்.

கீர்த்திகனைப் பற்றி இன்றைக்கு எழுதமாட்டேன்.

23.03.2025

மாமி: "கலியாணம் முடியுமட்டும் வாயைத் திறந்தாய் எண்டால், பிறகு நான் உனக்கு மாமி இல்லை."

06.04.2025

போன சனிக்கிழமை சயந்தினியிடம் சொல்லிவிட்டேன். கலியாணச் சேலைக்குச் சட்டை அளவு கொடுக்க வந்தவள். எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்ய ஏலாது.

அவள் கத்தவில்லை. ஒன்றுதான் கேட்டாள். "அப்ப எங்கடை ஐயா குடிக்கேல்லையோ, அண்ணி?"

"ஒரு சொட்டும் இல்லையாம்."

"பள்ளிக்கூடத்திலை என்னை வெறிகாரன்ரை பெட்டை எண்டுதான் கூப்பிடுறவை. அவர் செத்த அண்டும் நான் கிட்டப் போகேல்லை. குடிச்சு எங்களை அழிச்ச ஆள் எண்டு..."

தானே மாப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். வியாழக்கிழமை பதில் வந்தது. சாதகத்தைத் திரும்பப் பார்த்தார்களாம், செவ்வாய்க் குற்றமாம். மாமி என் கையால் தண்ணீரும் வாங்குவதில்லை. ஊருக்கு நான் குடிகெடுத்தவள். இருக்கட்டும்.

டொக்டர், இது சயந்தினி கேட்டு எழுதுவது. தனக்கும் இது வருமா என்று இரத்தம் சோதிப்பதா விடுவதா என்று அவள் முதலில் உங்களோடு கதைக்கவேண்டுமாம். எனக்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்கவேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நாளைத் தாருங்கள். இவரை மாமியோடு விட்டுவர முடியாது, கூட்டிக்கொண்டுதான் வருவோம். தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கள்.